‘புரொஸ்பெரோவின் புத்தகங்கள்’: ஒரே குரல் எல்லோருக்கும் பேசலாமா?

உப்புவெளிக்கரை:

பீற்றர் கிறீனவே 1991இல் எடுத்த ‘புரொஸ்பெரோவின் புத்தகங்கள்’ படத்தை இங்கே யாராவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகம்தான் மூலம். இந்தப் படத்தைப் பற்றி ஆற அமரக் கதைக்க வேண்டும் என்று கனநாளாக ஆசை. கதைக்கக் காரணமும் இப்போது வந்திருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மிலான் நகரத்துப் பிரபு புரொஸ்பெரோ புத்தகமே கதியென்று கிடந்ததால், தம்பி அன்டோனியோ ஆட்சியைப் பறித்துக்கொள்கிறான். சின்னஞ்சிறு மகள் மிராண்டாவோடு அவரை ஓட்டைப் படகில் ஏற்றிக் கடலில் தள்ளி விடுகிறார்கள். கொன்சாலோ என்ற நல்ல மனிதர் மட்டும் இரக்கப்பட்டு, அவருக்குப் பிடித்த புத்தகங்களைப் படகில் வைத்து விடுகிறார். ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பகைவர்களின் கப்பல் தீவுப் பக்கமாக வர, மந்திரத்தால் புயலைக் கிளப்பி அவர்களைக் கரைக்குக் கொண்டுவருகிறார். பழிவாங்குவாரா, மன்னிப்பாரா என்பதுதான் மிச்சம்.

கிறீனவே பிடித்துக்கொண்டது கொன்சாலோ வைத்துவிட்ட அந்தப் புத்தகங்களை. அவை எவை என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. கிறீனவே 24 புத்தகங்களைக் கற்பனை செய்து ஒவ்வொன்றையும் திரையில் விரிக்கிறார். தண்ணீரின் புத்தகம், கண்ணாடிகளின் புத்தகம், இறந்தவர்களின் அகரவரிசைப் பட்டியல் என்று போகிறது. பக்கங்கள் அசைகின்றன, படங்கள் உயிர் பெறுகின்றன. படத்துக்குள் இன்னொரு படம், அதற்குள் மேலும் ஒன்று என்று சட்டங்கள் அடுக்கடுக்காக வரும். கம்பியூட்டர் வரைகலை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஜப்பானில் இருந்த உயர்தெளிவு வீடியோ வசதியையும் பெயின்ட்பொக்ஸ் என்ற மின்னணுக் கருவியையும் வைத்து இதைச் செய்திருக்கிறார்.

எனக்கு முக்கியம் இன்னொன்று. புரொஸ்பெரோவாக வரும் ஜோன் கில்குட், பாட்டுகளை விட்டால், கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் தானே பேசுகிறார். மகள், பகைவன், அடிமை, காதலன் எல்லோருக்கும் ஒரே கிழவரின் குரல். அவர் மேசையில் இருந்து நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுத எழுத அது நடக்கிறது. கடைசி அங்கத்தில் அவருக்குப் பணிசெய்கிற ஆவியான ஏரியல் பேனாவை எடுத்து அதே தாளில் எழுதி, அந்த மனிதர்களுக்காக இரங்கச் சொல்கிறான். புரொஸ்பெரோ மன்னிக்கத் தீர்மானிக்கிறார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சொந்தக் குரல் வருகிறது. மன்னிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காதால் கேட்க வைத்த படம் எனக்குத் தெரியாது. மற்றவனைப் பேச விடுவதுதான் அங்கே மன்னிப்பு.

இனிக் காரணம். நாங்கள் சில பேர் சேர்ந்து ‘புயல்’ நாடகத்தை வைத்து அரை மணிநேரப் படம் ஒன்று எடுக்கப் போகிறோம். தமிழில், திருகோணமலைக் கடற்கரையில். இந்த ஒரே குரல் முறையை எடுத்தாளலாமா என்பதுதான் எங்களுக்குள் சண்டை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:

பார்த்தேன். பாதியில் நிறுத்தி, பிறகு பிடிவாதமாக முடித்தேன். என் கருத்தை நேரே சொல்கிறேன்: அது ஓவியக் கண்காட்சி. கிறீனவே ஓவியம் படித்து வந்தவர், அது ஒவ்வொரு சட்டத்திலும் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் சஷா வியர்னி தந்த வெளிச்சத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிராண்டா முதன்முதலாக ஒரு இளைஞனைக் காணும்போது எனக்குள் ஏதாவது நடக்க வேண்டாமா? பெர்டினண்ட் அவளுக்காக விறகு சுமக்கிற காட்சி நாடகத்தில் எவ்வளவு எளிமையானது. ஒரு ராசகுமாரன் கட்டை தூக்குகிறான், அந்தப் பிள்ளை “நீ இரு, நான் தூக்குகிறேன்” என்கிறது. அவ்வளவுதான், போதும். படத்தில் அதைச் சுற்றி நிற்கிற கூட்டமும் துணியும் தூணும் அந்த இரண்டு பேரையும் விழுங்கி விடுகின்றன. அந்தப் பிள்ளைக்குச் சொந்தக் குரலும் இல்லை என்றால் பார்ப்பவன் யாரைப் பிடித்துக்கொள்வது?

தம்பி, இந்த ஒரே குரல் நமக்கு அந்நியமான முறை. அரை மணிநேரப் படத்தில் இதைச் செய்தால் சனம் எழும்பிப் போகும்.

களரி ரீச்சர்:

நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள். இரண்டு பேரும் சொன்னதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கில்குட். அவர் வெறுமனே வாடகைக்கு வந்த நடிகர் என்று நினைத்துவிடக் கூடாது. புரொஸ்பெரோவை மேடையில் நான்கு வெவ்வேறு தயாரிப்புகளில் நடித்தவர். முதல் தடவை 1930இல் ஓல்ட் விக் அரங்கில், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். கடைசித் தடவை 1974இல். அந்த நாடகத்தைப் படமாக்க வேண்டும் என்று பல வருடம் பெரிய இயக்குநர்களிடம் கேட்டுத் திரிந்தவர். எண்பதைத் தாண்டித்தான் அது கிடைத்தது. அதனால் படத்தில் நீங்கள் கேட்கிற அந்த ஒரே குரலுக்குள் அறுபது வருட மேடை இருக்கிறது. எல்லா வரிகளும் மனத்தில் ஊறிப்போன ஒரு மனிதர் தானே எல்லோராகவும் மாறி நிற்கிறார். உங்கள் படத்தில் அந்தக் குரலுக்கு யாரை வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் பேசினால் அது வெறும் பின்னணிக் குரலாகப் போய்விடும்.

இரண்டாவது, இது நமக்கு அந்நியமான முறை என்று வாடைக்காற்று எழுதியதை நான் ஏற்க மாட்டேன். கோயிலில் புராண படனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதா? ஒருவர் பாட்டை வாசிப்பார், ஒருவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விளக்குவார். முருகனும் சூரனும் அந்த ஒரே வாயில்தான் வருவார்கள். சூரன் அழிகிற கட்டத்தில் சனம் அழுததை நானே கண்டிருக்கிறேன். வேஷமும் இல்லை, ஆட்டமும் இல்லை. அப்புறம் கூத்து. வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியின் நடுவில், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம். கூத்தர்கள் அவரைச் சுற்றித்தான் ஆடுவார்கள். யார் எப்போது வரவேண்டும், தாளம் எங்கே கூட வேண்டும், எங்கே தீர்மானம் வைத்துத் தாளத்தை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். பார்க்கிறவர்கள் அவரையும் காண்கிறார்கள், அரசனையும் காண்கிறார்கள், ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. தீவின் நடுவில் மந்திரக்கோலோடு நிற்கிற புரொஸ்பெரோவை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆனால் உப்புவெளிக்கரைத் தம்பி, ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். அண்ணாவியார் கூத்தரின் குரலைப் பறிப்பதில்லை. கூத்தர் வரவு பாடி, தான் இன்னார் என்று தன் வாயாலேயே சொல்லித்தான் களரிக்குள் நுழைகிறார். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அவர் விட்ட அடியை ஏந்திக் கொடுக்கிறார்கள். கிறீனவே செய்தது இதற்கு நேர்எதிர். அதை விளங்கிக்கொண்டு செய்தால் உங்களுக்கு ஒரு பெரிய பலம் கையில் கிடைக்கும். நம் பார்வையாளர்களுக்கு வரவு பழக்கம். ஒரு பாத்திரம் களரிக்கு வந்தும் வாய் திறக்காமல் நின்றால், அது உடனே நெஞ்சில் குத்தும்.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று கூத்துகளை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோதும் இதே கேள்விதான் இருந்தது. விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, மூன்று பக்கம் அடைத்த மேடைக்கு மாற்றினால் எது மிஞ்சும், எது போகும்? களரி போனது, ஆட்டமும் தாளமும் மிஞ்சின. இராவணனுக்கு உள்மனப் போராட்டம் என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. எதை இழக்கப் போகிறோம் என்று தெரிந்து இழந்தால் பயமில்லை.

கொட்டியாரக்குடா:

மூதூரிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் புரொஸ்பெரோவைப் பற்றியே கதைக்கிறீர்கள். கலிபன் எங்கே?

அந்தத் தீவில் அவர்கள் வருமுன் இருந்தவன் அவன். “இந்தத் தீவு என் தாய் வழியில் எனக்கு வந்தது, நீ பறித்துக்கொண்டாய்” என்று நாடகத்திலேயே முகத்துக்கு நேரே சொல்கிறான். நன்னீர் எங்கே, உப்புக் கேணி எங்கே, விளைநிலம் எங்கே என்று காட்டிக் கொடுத்தவனும் அவன்தான். எல்லாம் காட்டி முடிந்த பிறகு அவனைப் பாறைக்குள் அடைத்து வைக்கிறார்கள். 1969இல் மார்த்தினிக் தீவின் எழுத்தாளர் எய்மே செசேர் இதே நாடகத்தை மாற்றி எழுதிக் கலிபனைக் கறுப்பு அடிமையாக்கினார், அதில் அவன் எதிர்த்து வாதாடுகிறான். கிறீனவே கலிபனுக்கு மைக்கல் கிளார்க் என்ற நடனக்காரரைப் போட்டார். அந்த உடல் நெளிவதையும் சுருள்வதையும் கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஆனால் “தீவு என்னுடையது” என்ற வரியையும் எசமானின் குரலே பேசும்போது எனக்கு மூச்சு முட்டியது. நிலத்தை எடுத்தவனே முறைப்பாட்டையும் எழுதிக் கொடுக்கிற மாதிரி. கிறீனவே அப்படி மூச்சு முட்ட வேண்டும் என்றே செய்தாரோ தெரியாது. காணி பறிபோய், அரசாங்கக் கச்சேரி அலுவலக வாசலில் வருடக்கணக்காக நின்ற சனம் வாழ்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த வரியை லேசாகக் கடந்து போக என்னால் முடியாது.

ஒரு நல்ல விசயமும் சொல்ல வேண்டும். முடிவில் புரொஸ்பெரோ எல்லாப் புத்தகங்களையும் தண்ணீரில் எறிகிறார். கடைசி இரண்டு மட்டும் தப்புகின்றன: ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுதி, அதில் இடம் காலியாக விடப்பட்டிருந்த ‘புயல்’. தண்ணீருக்குள்ளிருந்து அவற்றைக் காப்பாற்றுவது கலிபன். நாடகம் நம் கைக்கு வந்ததே அவனால்தான் என்று கிறீனவே சொல்லி விடுகிறார். அந்த ஒரு காட்சிக்காக நான் படத்தை மதிக்கிறேன்.

இன்னொன்று. புயலில் அடிபட்ட கப்பல், கரையில் இறங்கினவர்கள் சிறைப்படுவது, இதெல்லாம் எங்கள் ஊருக்குக் கதையில்லை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தில் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுது பார்க்க வந்து நின்றது எங்கள் கொட்டியாரக் குடாவில்தான். 1660இல் ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தகப்பனும் மற்றக் கப்பல்காரர்களும் கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். நொக்ஸ் தப்பிப் போக 19 வருடத்துக்கு மேல் எடுத்தது. இங்கே சிறைப்பட்டவன் வெளியிலிருந்து வந்தவன், சிறைப்பிடித்தவன் தீவின் அரசன். ஷேக்ஸ்பியரின் கதை தலைகீழாக நடந்த கரை இது. படம் எடுக்க வருகிறவர்கள் இதை யோசிக்காமல் மூதூருக்கு வராதீர்கள்.

உப்புவெளிக்கரை:

நானா, கலிபன் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு எங்கள் குழுவில் யாரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ரீச்சர் சொன்ன வரவையும் நீங்கள் சொன்ன அந்த வரியையும் சேர்த்து வைத்தால் ஒரு வழி தெரிகிறது. மற்றவர்களின் வசனம் எல்லாம் கிழவரின் குரலில் போகட்டும். கலிபன் மட்டும் தொடக்கத்திலிருந்தே தன் குரலில் பேசினால்? குரலைப் பறிகொடுக்காதவன் அவன் ஒருவன்தான் என்று வைத்தால்?

களரி ரீச்சர்:

செய்யலாம். ஆனால் கடைசியில் எல்லோருக்கும் குரல் திரும்புகிறபோது கலிபனுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று யோசியுங்கள். அவனுக்கு அந்த இடத்தில் ஒரு மௌனம் வேண்டும். எல்லோரும் ஒரேயடியாகப் பேசத் தொடங்க, இவன் பேச்சை விட்டுவிட்டுத் தன் கரையைப் பார்த்துப் போகட்டும்.

நீலத்திரை:

நான் கொஞ்சம் வேறு திசையில் இழுக்கிறேன். இந்த நாடகத்துக்கு கிறீனவே ஒருவரையே முன்மாதிரியாக வைத்துக் கதைக்கிறீர்கள். 1979இல் டெறிக் ஜார்மன் இதே ‘புயலை’ எடுத்திருக்கிறார். கையில் காசில்லாத குழுவுக்கு அதுதான் பாடப் புத்தகம்.

ஜார்மனுக்குக் கிறீனவேயின் ஸ்ரூடியோவும் இல்லை, தூண்களும் இல்லை, நூற்றுக்கணக்கான துணை நடிகர்களும் இல்லை. ஸ்ரோன்லி அபே என்ற பழைய பெரிய வீட்டுக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்காட்சிகள். கடல் காட்சிகளுக்கு நீல நிறம் ஏற்றி, பகலை இரவாக்கிவிட்டார். புயலையே காட்டவில்லை என்று சொல்லலாம்: புரொஸ்பெரோ கட்டிலில் புரண்டு கனவு காண்கிறார், கேட்பது பெருமூச்சுச் சத்தம், இடையிடையே நீலக் கடலும் கப்பலும். அந்த மூச்சுக்குத்தான் நான் பயந்தேன். பல கோடி செலவழித்து எடுத்த கடல் அனர்த்தப் படம் எதிலும் அப்படிப் பயந்ததில்லை. வசனத்தைத் தாராளமாக வெட்டி இடம் மாற்றியிருக்கிறார். கலிபனாக ஜாக் பேர்கெற், கண் பார்வை இல்லாத நடிகர். முடிவில் கலியாணக் கொண்டாட்டத்தில் மாலுமிகள் ஆட, எலிசபெத் வெல்ஷ் வந்து ஒரு பழைய ஜாஸ் பாட்டைப் பாடுகிறார். ஷேக்ஸ்பியரில் அந்த இடத்தில் தேவதைகள் வந்து பாடி வாழ்த்துவார்கள். அந்தச் சந்தோசம் அப்படியே இருக்கிறது, உடுப்பும் காலமும்தான் மாறியிருக்கிறது. தழுவல் என்றால் எனக்கு இதுதான்.

கிறீனவேயிடம் கடன் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, மைக்கல் நைமனின் இசை அமைந்த விதம். காட்சிக்குப் பின்னால் பதுங்கி நிற்காமல் காட்சியைத் தானே இழுத்துக்கொண்டு போகும். அந்த இருவரும் சேர்ந்து வேலை செய்த கடைசிப் படம் அது என்பது எனக்கு இன்றைக்கும் கவலை.

வாடைக்காற்று:

நீலத்திரை அக்கா சொன்ன ஜார்மன் படத்துக்கு நான் கை தூக்குகிறேன். அதில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஒரே குரல் விசயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். புராண படனம் வேறு, ரீச்சர். அங்கே முகம் இல்லை, அதனால் கேட்பவனே முகத்தை உண்டாக்கிக்கொள்கிறான். படத்தில் மிராண்டாவின் முகம் இருக்கிறது, உதடு இருக்கிறது. உதடும் குரலும் ஒட்டாதபோது கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம் போகும். செய்யத்தான் வேண்டும் என்றால் மற்றவர்களின் முகத்தைத் தூரத்திலோ முதுகுப் பக்கத்திலோ வையுங்கள். குரல் திரும்பும் நேரத்தில் முதல் தடவையாக முகத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள். அப்போது நானும் இருந்து பார்ப்பேன்.

களரி ரீச்சர்:

வாடைக்காற்று, இது மிக நல்ல யோசனை. குரலும் முகமும் ஒன்றாக வந்து சேருகிற இடம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்கு வேறு அலங்காரமே தேவையில்லை.

சிலர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உயர்தர மாணவர்களுக்கு கிறீனவேயின் படத்தை முழுதாகப் போட்டுக் காட்ட மாட்டேன். ஆவிகளாக வருகிறவர்கள் படம் முழுக்க உடையில்லாமல்தான் நடமாடுகிறார்கள். மறுமலர்ச்சிக்கால ஓவியங்களின் வழியில் அது இயல்பு, அதில் விரசம் இல்லை. ஆனாலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் கூச்சத்தில் நெளியும்போது வசனம் யார் காதில் ஏறும்? நான் எடுக்கிறது முடிவுப் பகுதியை மட்டும். புரொஸ்பெரோவின் கடைசிப் பேச்சு. கிழவர் நேரே நம்மைப் பார்த்து, “உங்கள் கைதட்டலால் என்னை விடுதலை செய்யுங்கள்” என்று கேட்கிறார். மேடையில் நடிகன் சபையிடம் கேட்கிற அதே வேண்டுகோள். திரைப்படத்தில் எதிரில் சபை இல்லை, ஆனாலும் கேட்கிறார். அரங்குக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தாங்களே அதிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதோடு ஜார்மனின் கனவுப் புயலையும் போடுவேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க.

சுவாமி விபுலாநந்தர் 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்தார். அந்தச் சுவாமி நம்முடைய திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிசெய்தவர். ஷேக்ஸ்பியரைத் தமிழ் அரங்கின் கண்ணால் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிய ஆசை இல்லை, தம்பி. தயங்காமல் செய்யுங்கள்.

கொட்டியாரக்குடா:

கப்பல் காட்சிக்கு ஒரு யோசனை. வாடை காலத்தில் வள்ளத்தில் நடிகர்களை ஏற்றுகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அந்தக் கடல் யாருக்கும் நடிக்காது. கரைவலை இழுக்கிறவர்களை வையுங்கள். ஒருவர் அம்பாப் பாட்டில் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பாடி இழுப்பார்கள். கயிறு கரைக்கு வரும், வலை இன்னும் கண்ணுக்குத் தெரியாது. கடலுக்குள்ளிருந்து ஒரு கப்பலையே இழுக்கிறார்கள் என்று படத்தில் காட்டலாம். புயல் மந்திரம் முழுக்க அந்தப் பாட்டிலேயே இருக்கட்டும். அடி எடுத்துக் கொடுக்கிற அந்த ஒரு குரலும் உங்கள் புரொஸ்பெரோவின் குரலாக இருக்கட்டும். பிறகு பாருங்கள், ஒரே குரல் என்ற சங்கதி வெளிநாட்டிலிருந்து வந்ததாக யாருக்குமே தோன்றாது.

நீலத்திரை:

நானா, இதைத்தான் நைமனின் இசைக்குச் சமமாக நான் தேடிக்கொண்டிருந்தேன்.

உப்புவெளிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசி முடித்துவிட்டோம். தீர்மானித்தவற்றை இங்கே வைக்கிறேன், குறை இருந்தால் திருத்துங்கள்.

நானா சொன்ன கரைவலைதான் முதல் காட்சி. கலிபன் தன் குரலிலேயே பேசுவான், கடைசியில் ரீச்சர் சொன்னபடி பேச்சை விட்டுப் போவான். மற்றவர்களின் முகம் முடிவு வரைக்கும் கிட்டத்தில் வராது. புத்தகங்களை விரித்துக் காட்டும் எண்ணத்தைக் கைவிட்டோம். கிறீனவே அதைச் செய்து முடித்துவிட்டார், நாங்கள் செய்தால் மலிவான நகலாகத்தான் இருக்கும். புரொஸ்பெரோவின் இருப்பிடத்துக்குப் பிரெட்றிக் கோட்டையைக் கேட்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது இராணுவம் இருக்கிற இடம், அனுமதிக்கு அலைந்தே வருடம் போய்விடும். அதனால் நிலாவெளிப் பக்கத்தில் கூரை போன பழைய வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். சுவரில் உப்பு பூத்திருக்கிறது, சன்னலுக்கு வெளியே நேரே கடல். இரவில் ஒரு அரிக்கன் விளக்கை வைத்துப் பார்த்தோம், போதுமான அளவு இருட்டு இருக்கிறது.

இப்போது தேடுவது அந்தக் குரலைத்தான். அறுபது தாண்டியவராக இருக்க வேண்டும், அம்பா பாடத் தெரிந்திருக்க வேண்டும், நீண்ட வசனத்தை மூச்சு விடாமல் சொல்லிப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. கூத்தாடியவரோ கோயிலில் பயன் சொன்னவரோ யாராக இருந்தாலும் சரி. தம்பலகாமம், சம்பூர், கட்டைபறிச்சான் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து கதைப்போம். மாரி தொடங்குமுன் கரைக்காட்சிகளை எடுத்து முடிக்க வேண்டும்.